கேமராவை வைத்துவிட்டுப் பார்க்கப் பழகுவது: தருமபுரித் தெருவில் ஐந்து வாரப் பயிற்சி

புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தருமபுரித் தெருக்களில் நடப்பது என் வழக்கம். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒரு பாட்டி கண்ணில் படுகிறார். “பாட்டி” என்று மனம் பெயர் சொல்லிவிடுகிறது, விரல் அழுத்திவிடுகிறது. பெயர் கிடைத்ததும் கண் வேலையை நிறுத்திவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பாட்டி இருக்கிறார். ஆனால் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கிறது, முகம் கருத்துக் கிடக்கிறது, மூலையில் யாருடையதோ ஒரு செருப்பு பாதி தெரிகிறது.

ஆகவே இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். முதலில் ஒளி, பிறகு பின்புலம், பிறகு ஓரங்கள், பிறகு அசைவு. ஆள் கடைசி. முதல் நான்கு வாரமும் கேமரா கிடையாது. இதைக் கேட்டதும் அதிகமாக முகம் சுளிப்பவர்கள் விலை உயர்ந்த கேமரா வாங்கியவர்கள்தான்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பேனா ஒன்று. போனில் குறிப்பு எழுத வேண்டாம். போனைக் கையில் எடுத்தால் அடுத்த நொடி கேமராவைத் திறந்துவிடுவீர்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் 72 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அளவு ஏன் இவ்வளவு துல்லியம் என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். ஸ்கேல் வைத்து வெட்டுங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

மூன்றாவது, ஒரு எவர்சில்வர் டம்ளர். டீக்கடையில் கண்ணாடி டம்ளர்தான் என்றால் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். சிரிப்பார்கள். இரண்டாம் நாளிலிருந்து யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நேரம், நாளுக்கு 20 நிமிடம். அதுவும் தினமும் ஒரே நேரத்தில். நேரம் மாறினால் ஒளி மாறும். எது எதனால் மாறியது என்று உங்களால் பிரிக்க முடியாது.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் சாதாரண இடம் ஒன்று போதும். டீக்கடை, பேருந்து நிறுத்தம், மாவு மில் வாசல், நான்கு ரோட்டின் ஒரு மூலை. அதிக நேரம் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடமாக இருப்பது முக்கியம். ஐந்து வாரமும் அங்கேதான்.

அழகான இடத்தில் தொடங்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் என்னோடு வந்தவர்களை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போனேன். மாலையில் எல்லோருடைய படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எது யாருடையது என்று எடுத்தவர்களுக்கே தெரியவில்லை. அருவி அவர்களுக்குப் பதிலாகப் பார்த்துவிட்டது. டீக்கடை அந்த உதவியைச் செய்யாது, நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

3. முதல் வாரம்: ஒளி மட்டும்

இந்த வாரம் பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் பெயர் சொல்லக் கூடாது. மூன்று கேள்விகள்தான். ஒளி எங்கிருந்து வருகிறது? அதன் நிழலின் விளிம்பு கூர்மையா, மங்கலா? அதன் நிறம் என்ன?

முதல் கேள்விக்குத்தான் டம்ளர். அதை மேசைமீது வைத்து அதன் வளைவில் தெரியும் வெளிச்சக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு ஒளி வரும் வழி. வாசல் ஒரு கோடு, டியூப்லைட் ஒரு கோடு, எதிரே சுண்ணாம்படித்த சுவர் அகலமான ஒரு கோடு. கடைக்குள் ஒளி வாசலிலிருந்து மட்டுமே வருகிறது என்றுதான் எல்லோரும் முதல் நாள் எழுதுவார்கள். எதிர்ச்சுவரில் வெயில் பட்டுத் திரும்பி வரும் ஒளியே கடை முழுவதையும் நிரப்புகிறது என்பதை டம்ளர் காட்டிக்கொடுக்கும். பழகிய பிறகு டம்ளர் தேவையில்லை. எதிரே நிற்பவரின் கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளியே அந்த வேலையைச் செய்துவிடும்.

இரண்டாம் கேள்விக்கு உங்கள் கையே கருவி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை விரித்துப் பிடித்து விரல் நிழலின் விளிம்பைப் பாருங்கள். எப்போதும் ஒரே சாண் தூரம் இருக்கட்டும். சூரியன் புள்ளியல்ல, வானில் ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் கையை 1 மீட்டர் தள்ளினால் நல்ல வெயிலிலும் நிழல் விளிம்பு 1 செ.மீ. அளவுக்கு மங்கிவிடும். தூரத்தை மாற்றிக்கொண்டே பார்த்தால் வெயில் மாறியதா, கை மாறியதா என்று குழம்பிப்போவீர்கள்.

மூன்றாவதுதான் கடினம். நம் மூளை நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நீலமே தெரியாது. கேமராவில் டீ மாஸ்டரின் முகம் நீலம் பாரித்திருக்கும்போது, கேமராவில் கோளாறு என்பார்கள். முழங்கை வரை நிழலில் வைத்து உள்ளங்கையை மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டுங்கள். ஒரே கையில் இரண்டு நிறம் தெரியும். செம்மண் மேட்டுக்கு அருகே நிற்பவரின் தாடைக்கு அடியில் பாருங்கள், மண்ணின் சிவப்பு அங்கே ஏறியிருக்கும்.

நோட்டில் எழுதுவது இப்படி இருந்தால் போதும்: “காலை 7.10. எதிர்ச்சுவர் ஒளி. மாஸ்டரின் இடக்கன்னம் வெளிச்சம், பாய்லர் பக்கம் இருட்டு. விளிம்பு மங்கல். தரையில் சிவப்பு.” கவிதை எழுதாதீர்கள். “பொன்னொளி” என்று எழுதியவரிடம் எந்தத் திசையிலிருந்து என்று கேட்டேன், பதில் இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, உச்சிவெயில். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல. ஆண்டின் பெரும்பகுதி 12.15ஐ ஒட்டி, சில மாதங்களில் சற்று முன்பின். தருமபுரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கே இருப்பதால் ஏப்ரல் 20ஐத் தாண்டிய ஓரிரு நாளிலும், மீண்டும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே அடங்கிவிடும். அந்த நாட்களில் மதியம் வெளியே முகங்களைப் பார்த்தால் கண்குழி இரண்டும் கருப்பாக இருக்கும்.

இன்னொன்று, வடக்கு ஜன்னல். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள், வடக்கு பார்த்த ஜன்னலில் நேர்வெயிலே விழாது, எப்போதும் மென்மையான ஒளி என்று சொல்லும். நமக்கு அது பாதி உண்மை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 20 வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூனில் வடக்கு வாசல் கடைக்குள் வெயில் எட்டிப்பார்க்கும், டிசம்பரில் தெற்கு வாசலில் நீண்டு படுக்கும். உங்கள் இடத்தின் வாசல் எந்தத் திசை என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மாலையில் வருபவர்களுக்கு ஒரு கணக்கு. கையை நேராக நீட்டி நான்கு விரலைப் படுக்கையாக அடுக்கி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நான்கு விரல் இடம் இருந்தால் இன்னும் அரைமணி நேரம் வெயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் குன்று இருந்தால் அடிவானத்தை விட்டுவிட்டுக் குன்றின் முகட்டிலிருந்து அளக்க வேண்டும். சூரியனையே உற்றுப் பார்க்காதீர்கள், விரல்களின் விளிம்பை மட்டும் பாருங்கள்.

4. இரண்டாம் வாரம்: பின்புலம்

நமக்கு இரண்டு கண்கள். அதனால் முன்னால் இருப்பது முன்னாலும் பின்னால் இருப்பது பின்னாலும் தெரிகிறது. கேமராவுக்கு ஒரு கண். அதற்கு எல்லாம் ஒரே தாளில் ஒட்டியவை. மின்கம்பம் தலையிலிருந்து முளைப்பது இதனால்தான்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். தலையை இடவலமாக அசைக்காமல் பத்து நொடி நில்லுங்கள். கடைக்காரரின் தோளும் பின்னால் தொங்கும் ஷாம்பு சரமும் ஒட்டிக்கொள்ளும். இப்போது அரையடி நகருங்கள், பிரிந்துவிடும். அந்த அரையடியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வாரத்தின் வேலை முழுவதும்.

அடுத்து, இரண்டு கண்ணையும் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். விவரம் அழிந்து இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் மட்டும் மிஞ்சும். எந்தத் திட்டு மிகவும் வெளிச்சமாக இருக்கிறதோ, படத்தைப் பார்ப்பவரின் கண் அங்கேதான் முதலில் போகும். பெரும்பாலும் அது முகமாக இருக்காது. பின்னால் காயும் வெள்ளை வேட்டியாகவோ, பிளாஸ்டிக் குடமாகவோ இருக்கும். தினமும் “முதலில் கண் போன இடம்” என்று ஒரு வரி எழுதுங்கள்.

இந்த வாரத்தில் வரும் தவறு ஒன்றே. பின்புலத்தில் குறுக்கே நிற்பதை நகர்த்தச் சொல்வது. குடத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் நகருங்கள்.

5. மூன்றாம் வாரம்: ஓரங்கள்

இப்போது அட்டையை எடுங்கள். ஜன்னலைக் கண்ணிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் தெரிவது, பழைய பிலிம் அளவுக்கே சென்சார் உள்ள (ஃபுல் பிரேம்) பெரிய கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பு. 20 செ.மீ. என்றால் 100 மி.மீ. லென்ஸ். கண்ணுக்கு அருகே 5 செ.மீ. அளவில் பிடித்தால் போனின் சாதாரண லென்ஸ் பார்ப்பதற்கு நெருக்கமாக இருக்கும். பழைய பிலிமின் சட்டகம் 36 × 24 மி.மீ., நாம் வெட்டியது அதன் இரு மடங்கு. அதனால் தூரமும் லென்ஸ் அளவின் இரு மடங்கு. கணக்கு இவ்வளவுதான்.

தூரத்தை 10 செ.மீ. என்று பழகிக்கொள்ளுங்கள். மாற்றிக்கொண்டே இருந்தால் கண் எதையும் கற்காது. ஒரு வாரத்துக்குப் பிறகு அட்டை இல்லாமலேயே சட்டகம் எங்கே வெட்டும் என்று உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

நடுவில் பார்க்கக் கூடாது. இடது மேல் மூலையில் தொடங்கி நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எது பாதியில் வெட்டுப்படுகிறது? பாதி சைக்கிள் சக்கரமா, பாதி விளம்பரப் பலகையா? எழுத்து இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் எழுத்தைக் கண்டால் கண் படிக்காமல் விடாது. நம் தெருக்களில் சுவரெல்லாம் எழுத்து. அரைகுறையாக வெட்டிய சுவரொட்டிப் பெயர் ஒன்று நல்ல படத்தைத் தின்றுவிடும்.

6. நான்காம் வாரம்: அசைவு

இதில் நிதானமாக நில்லுங்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான்.

திரும்பத் திரும்பச் செய்யப்படும் கைவேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாசி, பங்குனியில் என்றால் புளி தட்டும் திண்ணைகள் இருக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுவது. நகரத்துக்குள் எல்லா மாதமும் கிடைப்பது பூக்கட்டுவது. அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

பூக்காரம்மா இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைக்கிறார். நாரை விரலில் சுற்றுகிறார். சுருக்குக்குள் காம்புகள் போகின்றன. இழுக்கிறார். மறுபடி இரண்டு பூ. முதல் நாள் பார்ப்பவருக்கு இது ஒரே அசைவாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்: வை, சுற்று, நுழை, இழு. மூன்றாம் நாள் ஒன்று தெரியும். “வை” என்னும்போது கண் பூக்கூடையில் இருக்கிறது. “இழு” என்னும்போது முழங்கை சற்று விலகுகிறது, கண்ணுக்கு வேலை இல்லை, அவர் தலை நிமிர்ந்து தெருவைப் பார்க்கிறார். முகம் ஒளிக்குத் திரும்புவது அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் இன்னொன்று தெரியும். யாராவது வந்து இரண்டு முழம் கேட்டால் சரத்தை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீட்டி அளப்பார். கடைசி முழத்தில் கை ஒரு விரற்கடை தாராளமாகப் போகும், அப்போது முகத்தில் ஒரு சிறு மாற்றம். வாடிக்கையானவர் என்றால் அந்த மாற்றம் பெரிதாகவே இருக்கும். எல்லோரும் எடுப்பது பூக்கட்டும் கையை. படம் இருப்பது அளக்கும் கையில்.

இந்த வாரத்தின் பயிற்சி, முன்கூட்டிச் சொல்வது. “இப்போது” என்று வாய்க்குள் சொல்லுங்கள், உடனே தலை நிமிர்கிறதா பாருங்கள். பத்துக்கு எத்தனை சரி என்று நோட்டில் எழுதுங்கள். தலை நிமிர்ந்த பிறகு “இப்போது” என்றால் அது கணக்கில் சேராது. கண் கண்டு, விரல் அசைந்து, கேமரா பதிவுசெய்வதற்குள் தலை குனிந்துவிடும். அதனால்தான் முன்கூட்டிச் சொல்லப் பழகுகிறோம்.

டீ ஆற்றும் படம் மட்டும் வேண்டாம். ஊரில் உள்ள எல்லோரிடமும் அது இருக்கிறது.

7. ஐந்தாம் வாரம்: போனை எடுக்கலாம்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பருத்தித் துணி போதும். பாதிப் பேரின் படம் புகை படிந்ததுபோல் இருப்பதற்குக் காரணம் விரல் எண்ணெய். முக அழகூட்டும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நாளுக்கு ஐந்து படம். ஆறாவது கிடையாது. வரம்பு இல்லாவிட்டால், ஐம்பது எடுத்தால் ஒன்று தேறும் என்ற எண்ணம் வந்துவிடும். நான்கு வாரம் பழகிய கண் அன்றோடு தூங்கப் போய்விடும்.

எடுக்கும் வரிசை இதுதான். ஒளி விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பின்புலம் பிரியும் அரையடியில் நில்லுங்கள். ஓரங்களை ஒரு சுற்று பாருங்கள். திரையில் வெளிச்சமான பகுதிமீது விரலை அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் வெளிச்ச அளவு மாறாமல் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். போன்கள் எல்லா நிழலையும் வெளுக்கவே பார்க்கும். முதல் வாரம் நீங்கள் எழுதிய அந்தப் பாய்லர் பக்க இருட்டை அது உங்களைக் கேட்காமல் அழித்துவிடும். இதெல்லாம் முடிந்த பிறகு காத்திருங்கள். அசைவு வரும்.

ஜூமைத் தொடாதீர்கள். தனியாகத் தொலைவு லென்ஸ் இல்லாத போனில் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. நடந்து கிட்டே போங்கள்.

8. ஆளிடம் கேட்பது

நான்கு வாரம் ஒரே இடத்தில் நின்றதற்கு இப்போது பலன் கிடைக்கும். உங்களை அவர்களுக்குத் தெரியும். “அக்கா, நீங்கள் முழம் அளப்பதை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லியே கேளுங்கள். “போட்டோ எடுக்கலாமா” என்று மட்டும் கேட்டால் அவர் வேலையை நிறுத்திவிட்டு முந்தானையைச் சரிசெய்து நேராக உட்கார்ந்துவிடுவார். அந்தப் படத்தையும் எடுத்துக் கொடுங்கள், அது அவருக்கு. பிறகு அவர் பூவுக்குத் திரும்பியதும் உங்கள் படம்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று கேட்கக் கூடாது. குழந்தை என்றால் பெற்றவரிடம் கேளுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். 4 × 6 அங்குலத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுப்பதாகச் சொன்னால் கட்டாயம் கொடுங்கள். என்னோடு வந்த ஒருவர் சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை. அடுத்து அந்தத் தெருவுக்குப் போனவர்களுக்கெல்லாம் வசவு கிடைத்தது, நான் உட்பட.

9. ஞாயிறு மாலை: நோட்டும் படமும்

எடுத்த அன்றே எதையும் அழிக்க வேண்டாம். அன்று ஏமாற்றம் புதிதாக இருக்கும், தீர்ப்பு சரியாக இருக்காது. ஞாயிறு மாலை 35 படத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அதே நேரத்துக்கு முன்பு எழுதிய குறிப்பை எடுத்துப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி, படம் நன்றாக இருக்கிறதா என்பதல்ல. எழுதியது படத்தில் வந்ததா என்பதே. “இடக்கன்னம் வெளிச்சம்” என்று எழுதியிருக்கிறீர்கள், படத்தில் இரண்டு கன்னமும் ஒரே வெளுப்பு என்றால் திருத்த வேண்டியது ஏழாம் பகுதி. கம்பம் முளைத்திருந்தால் நான்காம் பகுதி. அந்த வாரத்தை மட்டும் மறுபடி செய்யுங்கள், எல்லாவற்றையும் அல்ல.

10. அடுத்த இடம்

இரண்டாம் மாதம் இடத்தை மாற்றலாம். கூட்டமான இடம் நல்லது. கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குப் போச்சம்பள்ளிச் சந்தை, மாம்பழக் காலத்தில் மாங்காய் மண்டி. ஐந்து வாரம் தேவைப்படாது, ஒரு நாளைக்குள் ஒளி, பின்புலம், ஓரம், அசைவு என்று நான்கையும் அதே வரிசையில் பார்க்க முடியும்.

இப்போது ஒகேனக்கல்லுக்கும் போகலாம். பாறைகளுக்கு நடுவே பரிசல் போகும்போது கவனியுங்கள், ஒளி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரிலிருந்தும் வருகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அணிந்த பாதுகாப்பு அங்கி ஆரஞ்சு நிறம் என்றால் அவருடைய தாடைக்கு அடியிலும் ஆரஞ்சு. கரைக்கு வந்தால் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து நடப்பவரின் முகம் முழு நிழலில் இருக்கும், அதற்கு வெளிச்சம் தருவது காலடிப் பாறை மட்டும். மங்கலான பாறையில் ஒன்றும் தெரியாது, வெயில் பட்ட பாறையை அவர் தாண்டும் இரண்டு மூன்று அடிகளில்தான் கண்கள் தெரியும். அந்தப் பாறை எது என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் சுற்றுக்குப் போனைக் கரையில் யாரிடமாவது கொடுத்துவிட்டு அட்டையை மட்டும் எடுத்துப்போங்கள். சாரலில் நனைந்தால் என்ன, வீட்டில் இன்னொரு கல்யாணப் பத்திரிகை இருக்கும்.